மாயாவதி: ஐந்தில் ஒரு பங்கு வாக்கு ஆட்சியானதும் கரைந்ததும்

2007 மே மாதம் உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தின் 403 இடங்களில் 206-ஐ பகுஜன் சமாஜ் கட்சி பிடித்தது. 2022 மார்ச்சில் அதே கட்சி, அதே யானைச் சின்னம், அதே தலைவர் மாயாவதி. கிடைத்தது ஒரே ஒரு இடம், பல்லியா மாவட்டத்தின் ரஸ்ரா. இடையில் ஓடியது 15 ஆண்டுகள்தான்.

இந்த வீழ்ச்சிக்குச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை மாயாவதியின் குணத்தைப் பற்றியவை. யாரையும் நம்ப மாட்டார், எவரையும் வளர விடமாட்டார், சிலை வைப்பதில்தான் ஆர்வம் என்பார்கள். ஆனால் அதே குணத்தோடுதானே அவர் நான்கு முறை முதல்வரானார்? ஒரு கலெக்டர் அலுவலக வாசலில்கூட நின்று பேச முடியாத மக்கள், தங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி தலைமைச் செயலாளருக்கு உத்தரவிடுவதைப் பார்த்தது அவர் காலத்தில்தான். அதை எப்படிச் சாதித்தார், எங்கே கைநழுவவிட்டார் என்பதற்கு வாக்குக் கணக்கிலிருந்து தொடங்குவதே சரி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தில் பட்டியல் சாதியினர் 20.7 சதவீதம். இவர்களில் பாதிக்கு மேல் ஜாதவ்கள், அதாவது மாயாவதியின் சாதி. மீதியில் பாசி, தோபி, கோரி, வால்மீகி எனப் பல பிரிவுகள். இந்த ஐந்தில் ஒரு பங்கு மக்கள் மாநிலம் முழுக்கப் பரவி வாழ்கிறார்கள். ஒரு தொகுதியில் அவர்கள் மட்டும் திரண்டு வாக்களித்தால் ஜெயித்துவிடலாம் என்ற நிலை அநேகமாக எங்குமே இல்லை. தனித்தொகுதிகளும் இதற்கு விடையாகவில்லை. தனித்தொகுதியில் எல்லாக் கட்சி வேட்பாளரும் தலித்தே. தலித் வாக்கு பிரிந்துவிடும், முடிவு மற்ற சாதியார் கைக்குப் போய்விடும். 2012 தேர்தலில் 85 தனித்தொகுதிகளில் சமாஜ்வாதி கட்சி 58-ஐ வென்றது, பகுஜன் சமாஜ் 15-ஐத்தான் வென்றது என்பதே இதற்குச் சாட்சி. தலித் கட்சி தனித்தொகுதியில்தான் அதிகம் தோற்கும் என்பது வெளியூர்க்காரருக்கு விசித்திரமாகப்படும். தமிழ்நாட்டில் தனித்தொகுதிகளைக் கவனித்து வருபவருக்கு இது புதிதல்ல.

ஆகவே இந்த 20 சதவீதத்தைத் தனியாக வைத்துக்கொண்டு ஆட்சிக்கு வர முடியாது. ஆனால் அது சிதறாமல் ஒரே பெட்டியில் விழுந்தால், ஒதுக்கிவிட்டு வேறு யாரும் ஆட்சிக்கு வருவதும் கடினம். மாயாவதியின் அரசியல் முழுவதும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவே நடந்தது.

டெல்லி இந்தர்புரியிலிருந்து பிஜ்னோர் வரை

மாயாவதி 1956 ஜனவரி 15-ல் டெல்லியில் பிறந்தார். தந்தை பிரபு தாஸ் தபால் துறை ஊழியர். பூர்வீகம் டெல்லியை ஒட்டிய பாதல்பூர் கிராமம். காளிந்தி கல்லூரியில் பி.ஏ., காசியாபாத்தில் பி.எட்., பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம். இந்தர்புரியில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே ஐஏஎஸ் தேர்வுக்குப் படித்தார். 1977-ல் டெல்லியில் நடந்த சாதி ஒழிப்பு மாநாட்டில், மத்திய அமைச்சர் ராஜ் நாராயண் 'ஹரிஜன்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதை மேடையேறிக் கண்டித்தார். அப்போது வயது 21. அந்தச் செய்தி, பின்னாளில் பகுஜன் சமாஜ் கட்சியைத் தொடங்கிய கன்ஷி ராம் காதுக்கு எட்டியது. அவர் வீடு தேடி வந்தார். ஐஏஎஸ் ஆகி ஒரு மாவட்டத்தை ஆள்வதைவிட, பல கலெக்டர்கள் கோப்போடு வந்து எதிரே நிற்கும் இடத்துக்கு உன்னைக் கொண்டுபோக முடியும் என்று சொன்னதாக மாயாவதியே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். தந்தை இதை ஏற்கவில்லை. மாயாவதி வீட்டை விட்டு வெளியேறினார். மணமாகாத ஓர் இளம்பெண், அந்தக் காலத்து வட இந்தியாவில், கட்சி அலுவலகத்தில் தங்கி அரசியல் செய்வது என்பதன் எடையை இன்று உணர்வது கடினம். வாழ்நாள் முழுக்க அவரை நோக்கி வீசப்பட்ட வசைகளின் ஊற்று இதுவே.

கன்ஷி ராம் பஞ்சாபின் ரோபார் மாவட்டத்தைச் சேர்ந்தவர். புனேயில் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய அமைப்பு வேலை மூன்று படிகளில் நடந்தது. 1978 டிசம்பர் 6-ல் பாம்செஃப்: இட ஒதுக்கீட்டால் அரசு வேலைக்கு வந்த தலித், பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை ஊழியர்களின் கூட்டமைப்பு. அரசு ஊழியர் கட்சியில் சேர முடியாது, போராட்டத்தில் இறங்க முடியாது. பணமும் நேரமும் அறிவும் தரலாம், அது போதும் என்பது அவர் கணக்கு. 1981 டிசம்பர் 6-ல் டிஎஸ்-4: தெருவில் இறங்கும் அமைப்பு. 1983-ல் 100 நாள் சைக்கிள் பிரசாரம் நடத்தியது இதுதான். பிறகு 1984 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளில், பகுஜன் சமாஜ் கட்சி. முதலில் சம்பளக்காரர்களின் பணம், அடுத்து தொண்டர், கடைசியில்தான் தேர்தல். இந்த வரிசை மாறியிருந்தால் கட்சி முதல் தோல்வியிலேயே கலைந்திருக்கும்.

முதல் தேர்தல் தோற்க, இரண்டாவது தோற்கடிக்க, மூன்றாவது ஜெயிக்க என்று கன்ஷி ராம் சொல்வார். மாயாவதி அதை எழுத்துக்கு எழுத்து வாழ்ந்து காட்டினார். 1984-ல் கைரானா மக்களவைத் தொகுதியில் சுமார் 44 ஆயிரம் வாக்கு. 1985 பிஜ்னோர் இடைத்தேர்தலில் மீரா குமாரையும் ராம் விலாஸ் பாஸ்வானையும் எதிர்த்து நின்று சுமார் 61 ஆயிரம். 1987 ஹரித்வார் இடைத்தேர்தலில் சுமார் 1.25 லட்சம், இரண்டாம் இடம். 1989-ல் பிஜ்னோரில் வெற்றி. ஒவ்வொரு தோல்வியும், அந்தந்த வட்டாரத் தலித் வாக்காளர் காங்கிரசுக்குப் போடும் பழக்கத்தை விட்டு வருவதற்கான ஒத்திகையாக இருந்தது. அதே 1989-ல் கட்சி சட்டமன்றத்தில் 13 இடங்களையும் 9 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கையும் பெற்றது.

விருந்தினர் மாளிகையும் முதல் ஆட்சியும்

பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு நடந்த 1993 தேர்தலில் முலாயம் சிங்கின் சமாஜ்வாதி கட்சியோடு கூட்டணி. சமாஜ்வாதி 109, பகுஜன் சமாஜ் 67, பாஜக 177. காங்கிரஸ், ஜனதா தளம் ஆதரவோடு முலாயம் முதல்வரானார். மேலே கைகுலுக்கினாலும் கிராமத்தில் நிலைமை வேறு. யாதவரும் குர்மியும் நிலம் வைத்திருப்பவர்கள், தலித்துகள் அந்த நிலத்தில் கூலி. கூலித் தகராறு, கிராமசபை நிலம், பஞ்சாயத்துத் தேர்தல் என ஒவ்வொன்றிலும் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். இந்தக் கூட்டணி உடைந்ததற்குத் தலைவர்களின் அகந்தையை மட்டும் காரணம் சொல்வது போதாது.

1995 ஜூன் 1-ல் ஆதரவை விலக்கிக்கொள்ளும் முடிவு ஆளுநர் மோதிலால் வோராவிடம் போனது. மறுநாள் லக்னோவின் மீராபாய் மார்க் அரசு விருந்தினர் மாளிகையில் எம்எல்ஏக்களோடு இருந்த மாயாவதியை சமாஜ்வாதி ஆட்கள் முற்றுகையிட்டுத் தாக்கினார்கள். எம்எல்ஏக்கள் சிலரை இழுத்துச் சென்றார்கள். அவர் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு மணிக்கணக்கில் இருந்தார். மின்சாரமும் தண்ணீரும் துண்டிக்கப்பட்டன. ஜூன் 3 இரவு பாஜக ஆதரவோடு முதல்வராகப் பதவியேற்றார். இந்தியாவில் ஒரு தலித் பெண் முதல்வரானது அதுவே முதல் முறை. வயது 39.

ஆட்சி நீடித்தது அக்டோபர் 18 வரை, நான்கரை மாதம். இந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்தவற்றைப் பார்த்தால் ஒரு முறைமை தெரியும். சட்டம் இயற்ற எண்ணிக்கை இல்லை, பட்ஜெட்டை மாற்ற நேரமில்லை. கையில் இருந்தது நிர்வாக உத்தரவு மட்டும்தான். அதை முழுக்கப் பயன்படுத்தினார். ஏற்கெனவே இருந்த அம்பேத்கர் கிராமத் திட்டத்துக்கு உயிர் கொடுத்தார்: தலித் மக்கள் கணிசமாக வாழும் ஊர்களைத் தேர்ந்து, இணைப்புச் சாலை, கைப்பம்பு, மின்சாரம், வீடு என்று எல்லாத் துறைப் பணத்தையும் அங்கே குவிப்பது. முன்னறிவிப்பின்றி வந்து இறங்குவார், சாலை பேப்பரில் மட்டும் இருந்தால் அதிகாரிக்கு அங்கேயே இடமாற்றம் அல்லது இடைநீக்கம். கிராமசபை நிலத்துக்குப் பட்டா இருந்தும் சுவாதீனம் கிடைக்காதவர்களுக்கு அதை வாங்கித் தரச் சொன்னார். அம்பேத்கர் நகர் என்று புது மாவட்டம் உருவானது. பிந்தைய ஆட்சிகளில் கௌதம புத்த நகர், ஜோதிபா பூலே நகர், மகாமாயா நகர் எனப் பட்டியல் நீண்டது. மாவட்டத்துக்குப் பெயர் வைப்பது அடையாள வேலை என்று தள்ளுவார்கள். புது மாவட்டம் என்றால் புது கலெக்டர் அலுவலகம், நீதிமன்றம், மருத்துவமனை. அதன் முகப்பில் அம்பேத்கர் பெயர் இருந்தால், மனு கொடுக்க வருபவர் தலை நிமிர்ந்துதான் உள்ளே போவார்.

1995 செப்டம்பரில் லக்னோவில் பெரியார் மேளா நடந்தது. இந்தி பேசும் மாநிலத்தின் தலைநகரில் ஓர் அரசே முன்னின்று பெரியாரைக் கொண்டாடியது. ஆதரவு தந்துகொண்டிருந்த பாஜக கொதித்தது. பெரியாருக்கு அங்கே சிலை வைக்கும் திட்டம் கைவிடப்பட்டது, சில வாரங்களில் ஆட்சியும் போனது. பூலே, சாகு மகராஜ், நாராயண குரு, பெரியார் என நாடு முழுவதிலிருந்தும் முன்னோர்களை எடுத்து வந்து ஒரே வரிசையில் நிறுத்தியது கன்ஷி ராம், மாயாவதி இருவரின் அரசியலில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரியும் பணி.

கைமாறும் வாக்கும் கட்சிப் பிளவும்

1996-ல் காங்கிரசோடு கூட்டணி. உத்தராகண்ட் பிரியும் முன் மொத்தம் 425 இடங்கள். 300 இடம் பகுஜன் சமாஜுக்கு, மீதி 125 காங்கிரசுக்கு. கட்சியின் வாக்கு 19.6 சதவீதமாக உயர்ந்தும் இடங்கள் அதே 67. காங்கிரஸ் 33. இந்தத் தேர்தலில் இருந்து ஒரு பாடம் எடுத்தார்: தலித் வாக்காளர் தலைவர் சொன்ன சின்னத்துக்கு அப்படியே போடுகிறார், ஆனால் கூட்டணிக் கட்சியின் மேல்சாதி வாக்காளர் யானைக்குப் போடுவதில்லை. கூட்டணியில் கொடுப்பது முழுசாகப் போகிறது, வருவது பாதியாக வருகிறது. ஆகவே உத்தரப் பிரதேசத்தில் தேர்தலுக்கு முன் கூட்டணி கிடையாது, தேர்தலுக்குப் பின் பேரம் உண்டு என்பது 20 ஆண்டுகளுக்கு மேல் அவருடைய எழுதாத விதியானது.

1997 மார்ச் 21-ல் பாஜகவோடு ஆறு மாத சுழற்சி ஒப்பந்தத்தில் இரண்டாவது முறை முதல்வர். செப்டம்பர் 21-ல் கல்யாண் சிங்கிடம் பதவியைக் கொடுத்தார். தலித் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை அமல்படுத்துவது தொடர்பான உத்தரவுகளைப் புது அரசு மாற்றத் தொடங்கியதும், அக்டோபர் 19-ல் ஆதரவை விலக்கினார். அப்போது நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அன்றைய கட்சித் தாவல் தடைச் சட்டப்படி ஒரு கட்சியின் எம்எல்ஏக்களில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் பதவி பறிபோகாது. 67-ல் மூன்றில் ஒரு பங்கு என்றால் 23 பேர். கல்யாண் சிங் அரசுக்கு ஆதரவாகச் சபையில் வாக்களித்த பகுஜன் சமாஜ் எம்எல்ஏக்கள் 12 பேர். பாஜகவைச் சேர்ந்த சபாநாயகர் கேசரி நாத் திரிபாதி, பிளவு செல்லும் என்று தீர்ப்பளித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, அந்தச் சட்டமன்றக் காலத்துக்குள் பயன் தரவில்லை.

அதற்கான பதிலடி 1999 ஏப்ரல் 17-ல் விழுந்தது. ஜெயலலிதா ஆதரவை விலக்கியதால் வாஜ்பாய் அரசு மக்களவையில் நம்பிக்கை வாக்குக் கோரியது. பகுஜன் சமாஜுக்கு அப்போது 5 எம்பிக்கள். வாக்கெடுப்பில் கலந்துகொள்ள மாட்டார்கள் என்று பாஜக நம்பியிருந்தது. கடைசி நேரத்தில் எதிர்த்து வாக்களித்தார்கள். 269-க்கு 270. ஒரு வாக்கில் அரசு விழுந்தது.

2002 தேர்தலில் சமாஜ்வாதி 143, பகுஜன் சமாஜ் 98, பாஜக 88. மூன்றாவது முறை முதல்வர், மறுபடியும் பாஜக ஆதரவு. தாஜ்மகால் அருகே வணிக வளாகத் திட்டத்தில் எழுந்த புகாரும் கூட்டணிப் பூசலும் சேர்ந்து 2003 ஆகஸ்டில் பதவி விலகினார். சட்டமன்றத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தார். கலைக்கவில்லை. அவர் கட்சியின் 13 எம்எல்ஏக்கள் முலாயமை ஆட்சியமைக்க அழைக்கும்படி ஆளுநரிடம் போனார்கள். பிறகு மேலும் பலர் சேர்ந்து, மூன்றில் ஒரு பங்கு கணக்குக் காட்டப்பட்டது. சபாநாயகர் ஏற்றார். அந்த 13 பேரும் தகுதி இழந்தவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2007 பிப்ரவரி 14-ல், சட்டமன்றக் காலம் முடியும் தறுவாயில். மூன்றில் ஒரு பங்கு விதியை 91-வது அரசியல் சட்டத் திருத்தம் நீக்கிவிட்டிருந்தது, ஆனால் அதற்குள் அவர் ஆட்சி போய்விட்டது.

அவர் ஏன் யாரையும் நம்பவில்லை என்று கேட்பவர்கள் இந்த இரண்டு பிளவுகளையும் விருந்தினர் மாளிகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாக்காளர் அசையவில்லை, விலை போனது எம்எல்ஏக்கள். எம்எல்ஏக்குச் சொந்த பலம் இருந்தால் அவர் விற்கவும் முடியும். அதனால் மாயாவதி, எந்த எம்எல்ஏக்கும் எந்த மாவட்டத் தலைவருக்கும் சொந்த பலம் சேராதபடி கட்சியை அமைத்தார். மாவட்டப் பொறுப்பாளர்கள் அடிக்கடி மாற்றப்பட்டார்கள். மேடையில் அவர் நாற்காலி மட்டும். ஊடகத்திடம் பேச வேறு யாருக்கும் அனுமதியில்லை. 2001 டிசம்பர் 15-ல் கன்ஷி ராம் அவரைத் தன் வாரிசாக அறிவித்திருந்தார். 2003 செப்டம்பரில் கட்சித் தலைவரானார். 2006 அக்டோபர் 9-ல் கன்ஷி ராம் மறைந்தார். அதன் பிறகு அவரைக் கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர் கட்சியில் எவரும் இல்லை. பிளவைத் தடுத்த இந்த ஏற்பாடுதான் பின்னால் கட்சியை உலர வைத்தது.

2007: எப்படி நடந்தது

வழக்கமாகச் சொல்லப்படும் கதை: பிராமணர்களைச் சேர்த்துக்கொண்டு ஜெயித்தார். வழக்கறிஞர் சதீஷ் சந்திர மிஸ்ரா 2005-லிருந்து மாவட்டந்தோறும் பிராமண மாநாடு நடத்தினார். தொகுதிகளில் பாயிசாரா கமிட்டிகள், அதாவது சகோதரத்துவக் குழுக்கள் அமைந்தன. பிராமணர்களுக்கு 80-க்கு மேற்பட்ட சீட். 'பகுஜன்' என்ற முழக்கம் 'சர்வஜன்' ஆனது. இதெல்லாம் உண்மை. ஆனால் தேர்தலுக்குப் பின் லோக்நீதி என்ற ஆய்வு அமைப்பு நடத்திய ஆய்வின்படி யானைக்குப் போட்ட பிராமணர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். பாஜகவே பிராமணர்களின் முதல் தேர்வாக நீடித்தது.

வெற்றியின் உள்கட்டு வேறு. நான்கு முனைப் போட்டியில் ஒரு தொகுதியை வெல்ல 30 முதல் 35 சதவீத வாக்கு போதும். தலித் வாக்கு கிட்டத்தட்ட 20 கைவசம் இருக்கிறது. அதில் ஜாதவ் அல்லாதவர்களும் அப்போது பெருமளவு உடன் இருந்தார்கள். மேலே தேவை 10 முதல் 15. அதை மாநிலம் முழுக்க ஒரே சாதியிடம் தேடாமல், தொகுதிக்குத் தொகுதி வேறு வேட்பாளர் மூலம் தேடினார். ஓரிடத்தில் பிராமணர், இன்னோரிடத்தில் முஸ்லிம், வேறிடத்தில் மௌரியா, நிஷாத், ராஜ்பர் போன்ற மிகப் பிற்படுத்தப்பட்டோர். வேட்பாளரின் வேலை தன் சாதியிலிருந்தும் தன் செல்வாக்கிலிருந்தும் அந்தக் கூடுதல் வாக்கைக் கொண்டுவருவது. கட்சி தன் பங்குக்கு 20-ஐத் தரும்.

இதற்குக் கால அவகாசம் வேண்டும். ஆகவே தேர்தலுக்கு ஓராண்டு முன்பே தொகுதிப் பொறுப்பாளரை அறிவித்துவிடுவார்கள். பெரும்பாலும் அவரே வேட்பாளர். பூத் கமிட்டி, அதற்கு மேல் சில பூத்கள் சேர்ந்த செக்டர், பிறகு தொகுதி, மண்டலம் என்று அமைப்பு. செக்டர் ஆள் தன் பகுதித் தலித் குடியிருப்புகளை விடியற்காலையே வாக்குச்சாவடிக்குக் கிளப்ப வேண்டும். தாமதமாகப் போனால் தடுத்து நிறுத்துவார்கள், அல்லது அவர் வாக்கை வேறு யாரோ போட்டிருப்பார். 2007-ல் தேர்தல் ஆணையம் ஏழு கட்டமாக, மத்தியப் படை நிறுத்தித் தேர்தல் நடத்தியது. அடித்து விரட்டப்பட்டுவந்தவர்கள் அச்சமின்றி வாக்களித்தார்கள். முலாயம் ஆட்சியின் ரவுடி ராஜ்யத்தின் மேல் எல்லாச் சாதியினருக்கும் இருந்த கோபமும் சேர்ந்தது. வாக்கு 30.4 சதவீதம், இடம் 206. 1991-க்குப் பிறகு முதல் தனிக்கட்சிப் பெரும்பான்மை.

அந்த ஐந்தாண்டு

சட்டம் ஒழுங்கில் முதல் ஆண்டுகள் கண்டிப்பானவை. சொந்தக் கட்சி எம்எல்ஏக்களே கைதானார்கள். 2008 டிசம்பரில் அவுரையாவில் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் ஆளுங்கட்சி எம்எல்ஏக்கு 2011-ல், அதே ஆட்சியின் போதே, ஆயுள் தண்டனை கிடைத்தது. முதல்வரின் பிறந்த நாளுக்கு வசூலித்த பணத்துக்காகவே அந்தக் கொலை என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின, அவர் மறுத்தார்.

நகர்ப்புற ஏழைகளுக்குக் கன்ஷி ராம் பெயரில் இலவச அடுக்ககங்கள் எழுந்தன. பதினொன்றாம் வகுப்பு சேரும் ஏழைப் பெண்களுக்கு சாவித்ரிபாய் பூலே பெயரில் சைக்கிளும் ரூ.15,000-மும், அடுத்த ஆண்டு ரூ.10,000-மும். ஏழைக் குடும்பத்தில் பிறக்கும் பெண் குழந்தை 18 வயதில் ரூ.1 லட்சம் பெறும்படி வைப்புத்தொகை. அரசு ஊழியர்களுக்குப் பதவி உயர்விலும் இட ஒதுக்கீடு, அதற்கேற்ற பணி மூப்பு. இந்தக் கடைசி ஏற்பாட்டை 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நெடுஞ்சாலை, கிரேட்டர் நொய்டாவில் கார் பந்தயத் தடம் என்று மறுபக்கமும் இருந்தது. யமுனை விரைவுச்சாலைக்காக நிலம் எடுத்ததில் 2011 மே மாதம் பட்டா பர்சோல் கிராமத்தில் விவசாயிகளும் போலீஸும் மோதி உயிர்கள் போயின.

பெரிய காயம் சுகாதாரத் துறையில் விழுந்தது. தேசிய ஊரக சுகாதாரத் திட்டப் பணத்தில் நடந்த முறைகேட்டோடு சேர்ந்து, லக்னோவில் இரண்டு தலைமை மருத்துவ அதிகாரிகள் 2010 அக்டோபரிலும் 2011 ஏப்ரலிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்றாவதாக ஒரு துணை அதிகாரி சிறைக்குள் இறந்துகிடந்தார். அமைச்சர் பாபு சிங் குஷ்வாகா பதவி விலகினார். மிகப் பிற்படுத்தப்பட்டோரிடையே கட்சியின் முக்கிய முகம் அவர்தான்.

சிலைகளுக்கு வருவோம். லக்னோவிலும் நொய்டாவிலும் எழுந்த மணற்கல் நினைவகங்களில் அம்பேத்கர், கன்ஷி ராம், மாயாவதி சிலைகள், வரிசையாக யானைகள். ஏழை மாநிலத்தில் இவ்வளவு செலவா என்று கேட்டவர்கள், மற்ற தலைவர்களின் சமாதிகளுக்கும் பூங்காக்களுக்கும் ஆன செலவை அதே குரலில் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அங்கே வந்து அம்பேத்கர் காலடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு அது வீண்செலவு அல்ல. ஆனால் கல் வாங்கியதில் சுமார் ரூ.1,400 கோடி முறைகேடு என்று லோக் ஆயுக்தா 2013-ல் அறிக்கை கொடுத்தது, அதை மரியாதையின் பெயரால் மூட முடியாது. உயிரோடு இருக்கும் தலைவர் அரசுப் பணத்தில் தனக்கே சிலை வைத்துக்கொண்டதும் அம்பேத்கர் எச்சரித்த வழிபாட்டு அரசியல்தான். 2012 ஜனவரியில் தேர்தல் ஆணையம் சிலைகளையும் யானைகளையும் துணியாலும் பிளாஸ்டிக்காலும் மூடச் சொன்னது. சொத்துக் குவிப்பு வழக்கை அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு முதல்வர் ஒரு சட்டமன்றத்தின் ஐந்தாண்டை முழுதாக முடித்தது அதுவரை நடக்காதது. அவர் முடித்தார்.

கரைந்தது எப்படி

2012-ல் வாக்கு 30.4-லிருந்து 25.9 ஆனது. நாலரை சதவீத இழப்பு 126 இடங்களைக் கொண்டுபோனது. பலமுனைப் போட்டியில் வாக்கு கொஞ்சம் ஏறினால் இடம் கொட்டும், கொஞ்சம் இறங்கினால் வடிந்துவிடும். 2014 மக்களவைத் தேர்தலில் கிட்டத்தட்ட 20 சதவீத வாக்கு, 80-ல் ஓர் இடமும் இல்லை. காரணம் எளியது: பாஜக 42 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஒரே கட்சி 40-க்கு மேல் போனால் 20 சதவீதத்தின் பேரம் பேசும் பலம் மறைந்துபோகும். மூன்று கட்சிகள் 25-ஐச் சுற்றி நின்ற காலத்துக்காக வடிவமைத்த அரசியல் அது.

அந்த 42 எங்கிருந்து வந்தது? கணிசமான பகுதி, 2007-ல் யானைக்குப் போட்ட மிகப் பிற்படுத்தப்பட்டோரும் ஜாதவ் அல்லாத தலித்துகளும். அவர்களை அழைத்துச் சென்றவர்களில் பலர் பகுஜன் சமாஜின் பழைய ஆட்களே. சோனே லால் படேல் 1995-ல் வெளியேறி அப்னா தளம் தொடங்கினார். ஓம் பிரகாஷ் ராஜ்பர் 2002-ல் தனிக்கட்சி. சுவாமி பிரசாத் மௌரியா 2016-ல் விலகி பாஜகவுக்குப் போனார். அதே ஆண்டு பாசி சமூகத்தின் ஆர்.கே. சௌத்ரி வெளியேறினார், பிராமண முகமான பிரஜேஷ் பாடக் பாஜகவில் சேர்ந்து பின்னாளில் துணை முதல்வரானார். 2017-ல் நசீமுதீன் சித்திக்கி நீக்கப்பட்டார். 2021-ல் லால்ஜி வர்மாவும் ராம் அசல் ராஜ்பரும் நீக்கப்பட்டு சமாஜ்வாதிக்குப் போனார்கள். இருவரும் 2022-ல் வென்றார்கள், வர்மா 2024-ல் அம்பேத்கர் நகர் எம்பியும் ஆனார். ஒவ்வொருவரும் போகும்போது சீட்டுக்குப் பணம் என்று குற்றம்சாட்டினார்கள், கட்சி அவர்களைத் துரோகிகள் என்றது. யார் சொல்வது சரியென்றாலும் கணக்கில் விளைவு ஒன்றுதான்: 20-க்கு மேல் தேவையான அந்தப் பத்துப் பதினைந்தைக் கொண்டுவரக்கூடியவர் எவரும் கட்சியில் மிஞ்சவில்லை.

பாம்செஃப் வழியும் அடைபட்டது. அரசு வேலை சுருங்கியதால், சம்பளத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குத் தரும் ஊழியர் தலைமுறை ஓய்வு பெற்றது, அடுத்தது போதிய அளவு வரவில்லை. ரூ.20,000-க்கு மேல் தந்த நன்கொடையாளர் எவருமில்லை என்றே கட்சி ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குக் கணக்குக் கொடுத்துவருகிறது. செல்பேசியிலேயே தேர்தல் நடக்கும் காலத்தில் மாயாவதி அச்சிட்ட உரையைப் படித்தார், பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டார். 2022 தேர்தலில் முதல் பொதுக்கூட்டத்துக்கு அவர் வந்தது பிப்ரவரி 2-ல், ஆக்ராவில். முதல் கட்ட வாக்குப்பதிவுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

2019-ல் விருந்தினர் மாளிகையை ஒதுக்கி வைத்துவிட்டு சமாஜ்வாதியோடு கூட்டணி கண்டார். 38 இடத்தில் நின்று 10-ஐ வென்றார், சமாஜ்வாதிக்கு 5. யாதவ் வாக்கு வரவில்லை என்று சொல்லி ஜூன் மாதமே விலகினார். என் பார்வையில் அவர் செய்த மிகப் பெரிய பிழை இது. பூஜ்யத்திலிருந்து 10-க்கு ஏற்றிய ஏணியை அவரே எடுத்துவிட்டார். அதன்பின் பாஜகவைத் தோற்கடிக்க நினைத்த முஸ்லிம்கள், மக்கள்தொகையில் 19 சதவீதம், யானையைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2022-ல் வாக்கு 12.9 சதவீதம். டெபாசிட் காக்க ஆறில் ஒரு பங்கு வேண்டும், பெரும்பாலான தொகுதிகளில் அது போனது.

2024-ல் அரசியல் சட்டம் மாற்றப்படும் என்ற அச்சம் தலித் குடியிருப்புகளில் பரவியது. அந்த அச்சத்தைப் பேசியவர்கள் சமாஜ்வாதியும் காங்கிரசும். மாயாவதியின் தாக்குதல் இரு பக்கமும் சமமாக இருந்தது. வாக்கு 9.4 சதவீதம், இடம் இல்லை. ஜாதவ்களிலேயே யானைக்குப் போட்டவர்கள் பாதிக்கும் குறைவு என்றது லோக்நீதி ஆய்வு. பழைய பிஜ்னோர் வட்டாரத்தின் நகினா தனித்தொகுதியில் ஆசாத் சமாஜ் கட்சியின் இளம் தலித் தலைவர் சந்திரசேகர் ஆசாத் 5 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கி ஒன்றரை லட்சம் வித்தியாசத்தில் வென்றார். பகுஜன் சமாஜ் வேட்பாளருக்கு அங்கே சுமார் 13 ஆயிரம். 1989-லிருந்து அசையாத வாக்கு அசையும் என்று முதன்முறை தெரிந்த இடம் அதுதான்.

வாரிசுக் குழப்பமும் இதோடு சேர்ந்தது. தம்பி மகன் ஆகாஷ் ஆனந்தை 2023 டிசம்பரில் வாரிசாக அறிவித்தார். 2024 மே மாதம், தேர்தல் நடுவில், அவர் பாஜகவைக் கடுமையாகப் பேசியபின் நீக்கினார். ஜூனில் திரும்பச் சேர்த்தார். 2025 மார்ச்சில் கட்சியை விட்டே வெளியேற்றினார், ஏப்ரலில் மன்னித்தார், மே மாதம் முதன்மைத் தேசிய ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். செக்டர் மட்டத்தில் வேலை செய்பவர் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் திணறினார்.

ஆனாலும் 2024-ல் கட்சி வாங்கியது 80 லட்சத்துக்கு மேல் வாக்கு. பாஜக கூட்டணி ஜெயித்த தொகுதிகளில் 16-ல், வெற்றி வித்தியாசத்தைவிட யானைக்கு விழுந்தது அதிகம். 2027 சட்டமன்றத் தேர்தலுக்கு அவர் பட்டியல் வெளியிடும்போது பார்க்க வேண்டியவை மூன்று. முஸ்லிம் வேட்பாளர்களை எந்தத் தொகுதிகளில் நிறுத்துகிறார். பாசி, கோரி, வால்மீகி சமூகத்தவருக்குத் தனித்தொகுதிகளில் எத்தனை சீட் போகிறது. பொறுப்பாளர்களை ஓராண்டு முன்பே அறிவிக்கும் பழைய வழக்கம் திரும்பி, அறிவித்தவர்களைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருக்கிறாரா. முதல் கேள்விக்கான பதில் சமாஜ்வாதியின் இடங்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அடுத்த இரண்டுக்கான பதில்தான் அவர் கட்சியின் இடங்களை முடிவு செய்யும்.